முதுமைக்கு வேண்டுவது ஓய்வா, துணையா?

திங்கட்கிழமைக் காலைகளில் திருவண்ணாமலையிலிருந்து வேலூர்ச் சாலை வழியே வேங்கிக்கால் செல்லும் பேருந்துகளில் கால் வைக்க இடம் இராது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர் வட்டங்களிலிருந்தும், அப்பால் சவ்வாது மலையிலிருந்தும் ஏழை எளியோர் கையில் மனுக்களோடு வந்து குழுமுவர். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், ஒரு வேப்பமரத்தடியில், இரண்டு முதியவர்கள் அமர்ந்திருப்பதைப் பல ஆண்டுகளாக நாம் அறிவோம்.

ஒருவர் நமது பங்கைச் சேர்ந்தவர், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர், வயது 78. மற்றவர் நெற்றி நிறையத் திருநீறு அணியும் சைவர்; அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர்; நண்பரைவிட இரண்டு வயது இளையவர். அவர் இவரை ‘வாத்தியார்’ என்பார். இவர் அவரைக் ‘கண்டக்டர்’ என்பார். ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து நாம் கேட்டதில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் செங்கம் சாலையிலிருந்த ஒரு பள்ளிக்கு ஆசிரியர் நாள்தோறும் சென்றது இந்த நடத்துநரின் வண்டியில்தான். மழைநாளில் நிறுத்தம் அல்லாத இடமாயினும் பள்ளி வாசலிலேயே வண்டி நிற்கும். தேர்வுக் காலத்தில் நடத்துநரின் மகளுக்கு ஆசிரியர் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நட்பின் தொடக்கம் இவ்வளவுதான். பிறகு கார்த்திகைத் தீபத்தன்று அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டிற்குப் பொரி உருண்டை வரும். கிறிஸ்து பிறப்பு விழாவன்று இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டிற்குக் கேக்கும் முறுக்கும் போகும். இருவரும் மனைவியரை இழந்த பின்னரும் அந்த வழக்கம் மருமகள்களின் கையால் தொடர்கிறது.

விடியற்காலையில் இருவரும் கிரிவலப் பாதையில் நடப்பர். பதினான்கு கிலோமீட்டரையும் சுற்றிவர இப்போது கால்கள் இடம் கொடா. இரமணாசிரமம் வரை சென்று திரும்புவர். வழியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்வர். நடத்துநருக்குக் கண் மங்கிவிட்டபடியால் ஆசிரியர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். இடையிடையே ஆளுங்கட்சி பற்றியும் எதிர்க்கட்சி பற்றியும் வாக்குவாதம் நடக்கும். ஒருநாளும் அது தேநீர் ஆறும் வரை நீடித்ததில்லை.

திங்கட்கிழமை வந்துவிட்டால் இருவர் பேச்சிலும் வேறு பொருள் இராது. ஆசிரியரின் துணிப்பையில் வெள்ளைத்தாள், பேனா, கைநாட்டு வைப்போருக்கான மைப்பெட்டி எல்லாம் இருக்கும். எழுதத் தெரியாதவர்க்கு அவர் மனு எழுதுவார். எந்த மனு எந்த அறைக்குப் போக வேண்டும், எந்தச் சான்றின் நகல் இணைக்க வேண்டும், ஊர் திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதெல்லாம் நடத்துநருக்கு மனப்பாடம். முதியோர் உதவித்தொகை, கைம்பெண்களுக்கான உதவித்தொகை, பட்டா மாற்றம், சாதிச் சான்று ஆகியவையே பெரும்பாலும் மக்களின் குறைகள். 2023ஆம் ஆண்டில் தமிழக அரசு இவ்வுதவித்தொகையை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. நம்மில் சிலருக்கு இது ஒரு மாலைப்பொழுதின் செலவாக இருக்கலாம். மகன் கைவிட்ட தாய் ஒருத்திக்கோ அது மாத்திரை, அது கஞ்சி, தன் பெயரில் தனக்கென வரும் ஒரே வருவாய். அதனைப் பெற்றுத் தருவதற்கு இவ்விருவரும் கூலியாக ஒரு குவளைத் தேநீர்கூட வாங்குவதில்லை.

நாம் செய்த தவறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழையின்போது, ஆசிரியர் பேருந்தின் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. பெங்களூரில் பணிபுரியும் அவருடைய மகன் அன்றிரவே நமக்குத் தொலைபேசியில், “சாமி, நாங்க சொன்னா அப்பா கேக்கமாட்டார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று வேண்டினார். மகனின் கவலை நேர்மையானது. தந்தை எங்கேனும் சாலையில் கிடப்பாரோ என்னும் அச்சம் எந்தப் பிள்ளைக்குத்தான் இராது?

மறுநாளே நாம் ஆசிரியரின் வீட்டிற்குச் சென்றோம். “ஐயா, போதும். இத்தனை ஆண்டுகள் ஓடியாடி உழைத்தீர்கள். இனி வீட்டில் இருந்தபடியே ஜெபமாலை சொல்லிக்கொண்டு அமைதியாக இருங்கள். மற்றதை இளைஞர் பார்த்துக்கொள்வர்” என்று கூறினோம். எந்த இளைஞர் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. எவரையும் கேட்கவும் இல்லை. அவர் சிறிது நேரம் நம்மையே பார்த்துக்கொண்டிருந்து, “சரி சாமி” என்றார். பங்குத்தந்தையின் சொல்லை மீறிப் பழகாத தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். நல்லதொரு மேய்ப்புப் பணி செய்த நிறைவோடு நாம் திரும்பினோம்.

கட்டு அவிழ்த்த பிறகும் துணிப்பை ஆணியில்தான் தொங்கியது. திருப்பலிக்கு வருவார், ஆனால் கடைசி வரிசையில் அமர்வார். காலை நடை நின்றது. பல்லாண்டுகளாகத் தாமே முன்னின்று சொல்லிவந்த மன்றாட்டுகளில் சொற்கள் தடுமாறின. ‘வயதாகிறது அல்லவா’ என்று எண்ணினோம். மருமகளும் அவ்வாறே எண்ணினார். தவக்காலம் வந்தது, சாம்பல் பூச வந்தபோது, நெற்றியைக் காட்டிய அந்த முகத்தில் ஒளியே இல்லை.

அதே வாரத்தில் ஒருநாள் மாலை நடத்துநர் பங்கு இல்லத்திற்கு வந்தார். பல ஆண்டுப் பழக்கமாயினும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே பேசினார். தனியே சென்ற திங்கட்கிழமைகளில் தம்மால் மனு எழுத முடியாமல் போனதையும், கண் தெரியாததால் தவறான சான்றை இணைத்துவிட, கைம்பெண் ஒருத்தியின் மனு இருமுறை திரும்பி வந்ததையும் சொன்னார். பிறகு, “சாமி, வாத்தியாருக்குக் கையிலதான் அடிபட்டுச்சு. நீங்க ஆளையே உக்கார வெச்சுட்டீங்க” என்றார்.

அச்சொல்லில் சினம் இல்லை. அதனாலேயே நம்மை அது மிகுதியாகச் சுட்டது.

திருச்சபையின் முதியவர்கள்

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ‘ஓய்வு’ என்று நாம் வழங்கிய அறிவுரைக்கு விவிலியத்தில் ஆதாரம் உண்டா என்று எண்ணிப் பார்த்தோம். யோசுவா நூலின் பதினான்காம் அதிகாரத்தில் காலேபு வருகிறார். வயது 85. நாடு பங்கிடப்படும்போது சமவெளியில் ஒரு நல்ல துண்டு நிலம் கேட்டிருக்கலாம். அவரோ, வலிய பகைவர் குடியிருக்கும் மலைநாட்டைக் கேட்டுப் பெறுகிறார். லூக்கா நற்செய்தியில், எருசலேம் கோவிலில் குழந்தை இயேசுவை அடையாளம் கண்டுகொண்டோர் யார்? குருக்களும் மறைநூல் அறிஞரும் அல்லர். சிமியோன் என்னும் முதியவரும், 84 வயதான கைம்பெண் அன்னாவும் ஆவர். அன்னாவோ கண்டதோடு நில்லாமல், மீட்புக்காகக் காத்திருந்தோர் எல்லாரிடமும் அக்குழந்தையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

நம் காலத்துக்கு அருகிலும் சான்று உண்டு. 1958 அக்டோபரில் 23ஆம் அருளப்பர் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 76. சில ஆண்டுகள் இருக்கையை நிரப்பிவிட்டுப் போகும் முதியவர் என்றே பலர் கருதினர். மூன்று மாதங்களுக்குள், 1959 ஜனவரி 25ஆம் நாள், பொதுச் சங்கம் ஒன்றைக் கூட்டப்போவதாக அவர் அறிவித்தார். 1962 அக்டோபர் 11ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியபோது அவருக்கு வயது 80. மறு ஆண்டு ஜூன் 3இல் அவர் இறைவனடி சேர்ந்தார். சங்கத்தின் முடிவை அவர் காணவில்லை. ஆயினும் இன்று நாம் தாய்மொழியில் திருப்பலி காண்பதற்கும், பிற சமயத்தாரை உடன்பிறந்தோராய் மதிக்கக் கற்றதற்கும் அந்த முதியவர் திறந்த கதவே காரணம். அவரிடமும் யாரேனும் ‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்லி, அவரும் ‘சரி’ என்றிருந்தால்?

நமது பக்கத்து ஊரில் இரு நண்பர்கள்

நம் மறைமாவட்டத்தில் பல குடும்பங்கள் பிள்ளைகளைத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரிக்கு அனுப்பியுள்ளன. ஆனால் அதே திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? நாமே சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தியானத்திற்காக அவ்வூர் சென்றபோதுதான், தமிழகக் கோபுர அமைப்பில் எழுந்துள்ள அதன் ஜெபாலயத்தைக் கண்டோம். உறக்கமற்ற அந்த இரவில் நம் நினைவுக்கு வந்தது அந்த இடமே.

அதனை 1921இல் நிறுவியவர் இருவர். ஒருவர் தமிழரான மருத்துவர் ஜேசுதாசன், 1882இல் பிறந்தவர். மற்றவர் ஸ்காட்லாந்து நாட்டுச் செல்வக் குடும்பத்தில் 1891இல் பிறந்த மருத்துவர் எர்னெஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். இருவரும் கத்தோலிக்கர் அல்லர், சீர்திருத்தத் திருச்சபையினர். திருமணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்து வாழ்ந்தனர். மக்கள் ஒருவரைப் ‘பெரியண்ணன்’ என்றும், மற்றவரைச் ‘சின்னண்ணன்’ என்றும் அழைத்தனர். வெள்ளையர் ஒருவர் தமிழர் ஒருவருக்குத் தம்பியாய் அடங்கி வாழ்வது அந்நாளில் எத்துணைப் புதுமை! 1932இல், அந்நியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்த சென்னைக் கடைத்தெருவில் கதருடையில் நின்ற சின்னண்ணனைக் காவலர் அடித்து, அவர்மீது நீரைப் பீய்ச்சினர். அச்செய்தி இங்கிலாந்தின் பாராளுமன்றம் வரை எட்டியது.

இளமை வேகத்தில் தொடங்கும் கூட்டுறவுகள் பல. முதுமை வரை நிலைப்பவை சிலவே. இவர்களது நட்போ 48 ஆண்டுகள் ஒரே ஆசிரமத்தில் நிலைத்தது. பெரியண்ணன் 1969இல் மறைந்தார். சின்னண்ணன் மறு ஆண்டே, 1970இல், அவரைப் பின்தொடர்ந்தார்.

அந்த ஆசிரமத்தில் தம் இளமைக் காலத்தில் தங்கிப் பயிற்சி பெற்றவருள் ஒருவர், காந்தியின் அழைப்பை ஏற்று 1930இல் கல்லூரிப் படிப்பைத் துறந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதன். முதுமையில் அறப்பணி என்று நாம் பேசுவதற்கு அவரும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் மிகச் சிறந்த சான்று.

எண்பது வயதில் ஒரு போர்

கிருஷ்ணம்மாள் 1926இல் நிலமற்ற தலித் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வறுமைக்கிடையே கல்லூரிக் கல்வி பெற்றவர். ஜெகந்நாதனோ வசதியான குடும்பத்தவர். விடுதலை பெற்ற நாட்டில்தான் மணம் புரிவோம் என்று உறுதி பூண்ட இருவரும் 1950இல் மணந்தனர். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தனர். 1968 டிசம்பர் 25ஆம் நாள், நாமெல்லாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே நாளின் இரவில், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் உழவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசை ஒன்றில் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். இத்தம்பதியர் அப்பகுதிக்குச் சென்றனர். ஆறுதல் கூறிவிட்டுத் திரும்பிவிடாமல், அங்கேயே தங்கி உழைத்தனர். 1981இல் ‘லாப்டி’ என்னும் நிலவுரிமை இயக்கத்தை நிறுவினர். நிலவுடைமையாளரோடு பேசி, நிலத்தை விலைக்குப் பெற்று, உழுவோருக்கு, பெரும்பாலும் பெண்களின் பெயரிலேயே, பதிவு செய்து தந்தனர். அவ்வாறு நிலம் பெற்ற குடும்பங்கள் பதினாயிரத்துக்கும் மேல்.

இந்த அளவோடு நிறுத்தியிருந்தாலும் உலகம் அவர்களைப் போற்றியிருக்கும். ஆனால் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாகைக் கடற்கரையோரம் பெரு நிறுவனங்கள் இறால் பண்ணைகளை அமைக்கத் தொடங்கின. நெல் விளைந்த நிலத்தைத் தோண்டிக் குளமாக்கி, அதில் கடல்நீரைப் பாய்ச்சுவர். உப்பு மண்ணில் இறங்கும். அண்டை வயலும் குடிநீர்க் கிணறும் கெடும். தீவனமும் மருந்தும் கலந்த கழிவுநீர் வாய்க்காலில் விடப்படும். நடவும் அறுவடையும் தந்த வேலையில் சிறு பங்கைக்கூட இறால் குளம் தராது. நிலம் கிடைத்த ஏழைக்குத் தண்ணீர் இல்லாமல் போகுமெனில் பட்டாவினால் பயன் என்ன?

அப்போது ஜெகந்நாதனுக்கு வயது ஏறத்தாழ 80. கிருஷ்ணம்மாளுக்கு 70ஐ நெருங்கிய வயது. அவர்கள் மீண்டும் நடந்தனர், உண்ணாநோன்பு இருந்தனர், ஊர்ப் பெண்களோடு பண்ணைகளின் முன் அமர்ந்தனர். 1994இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஜெகந்நாதனின் பெயராலேயே அறியப்படும் அவ்வழக்கில் 1996 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் மரபுவழி முறைகள் தவிர்ந்த இறால் பண்ணைகள் கூடா. அமைந்துள்ளவை அகற்றப்பட வேண்டும். சூழலைக் கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது.

வெற்றிதான், ஆனால் முழு வெற்றி அன்று. தீர்ப்பு நடைமுறைக்கு வருவது தள்ளிப் போயிற்று. 2005இல் பாராளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிர்வளர்ப்புச் சட்டம், தடுக்கப்பட்டவற்றில் பலவற்றுக்கு மீண்டும் வழி திறந்தது. தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்த முதியவர் மனம் உடைந்து ஒதுங்கியிருந்தால் யார் குறை கூறுவர்? அவர்கள் ஒதுங்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகையைத் தாக்கிய பின் துயருற்றோரிடையே பணி செய்தனர்; குடிசைகளுக்குப் பதிலாக உறுதியான வீடுகள் கட்டித் தருவதில் கிருஷ்ணம்மாள் முனைந்தார்.

2008இல் இருவருக்கும் சுவீடன் நாட்டின் ‘வாழ்வுரிமைப் பரிசு’ கிடைத்தது. அதே ஆண்டில், அமெரிக்காவில் இயேசு சபையார் நடத்தும் சியாட்டில் பல்கலைக்கழகத்தில், பத்து இலட்சம் டாலர் மதிப்புள்ள ‘ஓபஸ்’ பரிசு கிருஷ்ணம்மாளுக்கு வழங்கப்பட்டது. கீழ்த்தஞ்சையில் நடந்து தேய்ந்த ஓர் இந்துத் தாயின் பாதங்களில் நற்செய்தியின் சுவடு கண்டு கத்தோலிக்க நிறுவனம் ஒன்று மதிப்புச் செய்தது நமக்குப் பெருமையே. நூறு வயதை நெருங்கிய முதுமையில், 2013 பிப்ரவரி 12இல், காந்திகிராமத்தில் ஜெகந்நாதன் மறைந்தார்.

இவர்களுக்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது? உடலிலிருந்து என்று சொல்வதற்கில்லை. ஒருவர் சிறையிலிருந்தால் மற்றவர் வெளியே நின்று பணியைத் தொடர்ந்தார். ஒருவர் நோன்பிருந்தால் மற்றவர் ஊரைத் திரட்டினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் கணவன் மனைவியாக மட்டுமன்றித் தோழர்களாகவும் வாழ்ந்தனர். தனியாக விடப்பட்டிருந்தால் எண்பது வயதில் உச்ச நீதிமன்றத்தின் படியேறியிருப்பாரா என்பது ஐயமே.

குவளையைப் பிடித்த கைகள்

துணையின்றி முதியவர் செயற்படல் இயலாது என்பதற்கு மற்றொரு சான்று நம் சொந்த வீட்டிலேயே உண்டு. திருச்சி மாவட்டம் விரகலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி, தம் முதுமையை ஜார்க்கண்டின் பழங்குடி மக்களுக்கு அளித்தவர். விசாரணை முடியாமல் சிறைகளில் வாடிய பழங்குடி இளைஞருக்காக உயர் நீதிமன்றத்தை நாடியவர். 2020 அக்டோபர் 8ஆம் நாள், தம் 83ஆம் வயதில், பீமா கோரேகான் வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயினால் குவளையைப் பிடித்து நீர் அருந்தவும் இயலாத நிலை. உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்திற்கு விண்ணப்பித்த செய்தியை நாடே படித்துக் கலங்கியது. குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாமலேயே, பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, 2021 ஜூலை 5ஆம் நாள் மும்பை மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

சிறையிலிருந்து அவர் நண்பர்களுக்கு எழுதிய மடல் ஒன்றில் தம் துன்பத்தை விரித்துரைக்கவில்லை. உணவு உண்ணத் தமக்கு உதவும் உடன்கைதி ஒருவரையும், குளிக்க உதவும் மற்றொருவரையும், துணி துவைப்பவரையும், வலிக்கும் மூட்டுகளைப் பிடித்துவிடுபவரையும் நன்றியோடு நினைவு கூர்ந்தார். மிக ஏழையராகிய பிற கைதிகளுக்காக மன்றாடும்படி வேண்டினார். தம் கை நடுங்கிய காலத்திலும் அவர் நெஞ்சம் பிறர்க்காகத் துடித்தது என்றால், அவருடைய குவளையை வேறு கைகள் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம் அன்றோ?

நாம் திரும்பிச் சென்றோம்

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் ஆசிரியரின் வீட்டிற்குச் சென்றோம். “ஐயா, அன்று சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வந்திருக்கிறோம்” என்றோம். குருவானவர் ஒருவர் தவற்றை ஒப்புக்கொள்வதைக் கேட்டு அவர் கூச்சமடைந்தார். ‘அப்படியெல்லாம் இல்லை சாமி’ என்று மறுத்தார். பிறகு ஆணியில் தொங்கிய பையை ஒருமுறை பார்த்தார். “கண்டக்டர் இந்த வாரம் எத்தனை மணி வண்டிக்குப் போறாராம்?” என்று கேட்டார்.

மகனுக்கும் நாமே தொலைபேசியில் பேசினோம். அவருடைய அச்சத்தைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. அதற்கு விடை காண வேண்டிய கடமை இருந்தது. ஞாயிறு மறையுரையின் முடிவில், வாரத்திற்கு இருவராக முறை வைத்து இம்முதியவர்களோடு செல்ல இளையோரை அழைத்தோம். முதல் வாரம் வந்தவர் கல்லூரி மாணவி ஒருவர் மட்டுமே. இன்று ஏழு பேர் முறை எடுத்துச் செல்கின்றனர். படிக்கட்டில் ஏறும்போது ஒருவர் கை கொடுப்பார். கை நடுக்கத்தால் ஆசிரியர் இப்போது எழுதுவதில்லை. அவர் சொல்லச் சொல்ல மாணவி எழுதுகிறார். இ-சேவை மையத்தில் கணினி வழியே பதிய வேண்டியவற்றை மற்றொருவர் பதிகிறார். இருமுறை திரும்பி வந்த மனுவுக்குரிய கைம்பெண்ணுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது. அதைவிட நம்மை மகிழ்வித்தது வேறொன்று. பிழையாக எழுதப்பட்ட மனு ஒன்றைக் கண்டு, பழைய வகுப்பறைக் குரலில் ஆசிரியர் மாணவியைக் கடிந்துகொண்டதாகவும், நடத்துநர் இடை புகுந்து அவளுக்காகப் பரிந்து பேசியதாகவும் கேள்விப்பட்டோம். அவர் முழுமையாகத் திரும்பிவிட்டார் என்பதற்கு வேறு அடையாளம் வேண்டுமா?

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்ல மாட்டோம். நடத்துநரின் பார்வை மேலும் மங்கி வருகிறது. நான்கு திங்கட்கிழமைகளில் ஒன்றில் அவரால் வர இயல்வதில்லை. அன்று ஆசிரியர் திரும்பும் வழியில் அவருடைய வீட்டிற்குச் சென்று, யார் யார் வந்தனர், எந்த மனு எங்கே சென்றது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டே தம் வீடு சேர்கிறார்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு முதல், சுவக்கின் அன்னம்மாள் திருநாளை ஒட்டி வரும் ஜூலை மாதத்து நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோரின் உலக நாளாக ஏற்படுத்தினார். அன்று நம் பங்குகளில் முதியோர்க்கு மாலை அணிவிக்கிறோம்; போர்வை வழங்குகிறோம்; சிறப்பு விருந்தும் அளிக்கிறோம். யாவும் நன்றே. ஆனால் மறுநாள் திங்கட்கிழமை அவர்கள் எங்கே போக விரும்புகிறார்கள் என்று நாம் கேட்கிறோமா?

அன்புள்ள பிள்ளைகளே, உங்கள் தந்தையோ தாயோ வயதான காலத்தில் ஒரு பொதுக் காரியத்தில் ஈடுபட்டிருந்தால், அது வின்சென்ட் தே பவுல் சபையாயினும், நோயாளியைச் சந்திப்பதாயினும், தெருவிளக்குக்காக நகராட்சிக்கு மனுக் கொடுப்பதாயினும், அதனைப் பொழுதுபோக்கு என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். விழுந்துவிடுவார்களோ என்று அஞ்சினால் உடன் ஒருவரை அனுப்புங்கள். அவர்களுடைய நண்பர்கள் வீட்டிற்கு வரும்போது தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து, ஒரு நாற்காலியும் ஒரு குவளைக் காப்பியும் கொடுங்கள். அந்த நண்பர் வேறு சமயத்தவர் எனில் இரட்டிப்பு மகிழ்ச்சியோடு வரவேற்பீர்களாக.

முதியோரே, உங்களுக்கும் ஒரு சொல். ‘எனக்கு வயதாகிவிட்டது; இனி என்னால் என்ன ஆகும்?’ என்று சொல்லுமுன், உங்கள் தெருவில் ஒரு நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள். தனியாய்ச் செய்ய இயலாததை இருவராய்ச் செய்யலாம். நம் ஆண்டவரும் தம் சீடரை இருவர் இருவராகவே அனுப்பினார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நம் உடன்குருக்களே, நாமும் அறுபதை நோக்கி நடந்துகொண்டிருக்கிறோம். நாளை நம்மிடமும் யாரேனும் வந்து, ‘சாமி, இனி ஓய்வெடுங்கள்’ என்பர். அந்நாளில் நம் பையை ஆணியில் மாட்டாமல், அதைத் தூக்கிக்கொண்டு நம்மோடு நடந்துவர ஓர் இளைஞரும், வழியெல்லாம் நம்மோடு வாதிட ஒரு பழைய நண்பரும் இருக்க வேண்டுமென்று இப்போதே இறைவனை மன்றாடுவோம். அதுவரை பிறர்க்கு அவ்வாறே துணையாக இருக்கவும் அவர் நமக்கு அருள்வாராக.